மூக்கியும் கடைசி மொட்டும்

அவளுக்கு மூக்கு இருந்தது, வாசனைதான் தெரியாது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அதை வாரிக்கொண்டு போய்விட்டது. இப்படிப்பட்டவள் போயும் போயும் எங்கே வேலைக்குச் சேர்ந்தாள் தெரியுமா? உலர்ந்த செடிகளை அட்டையில் ஒட்டி அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கும் இடத்தில். அதிலும் புதினா, துளசி, தும்பை எல்லாம் சேர்ந்த குடும்பத்தை ஆராயும் பிரிவில்! அங்கே இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. 'மூக்கி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ஊர்ல வேற வேலையே கிடைக்கலையாடி உனக்கு?" என்று அம்மாகூடத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கண்ணு இருக்கும்மா," என்றாள் மூக்கி.

கண்ணை வைத்துத்தான் பிழைத்தாள். அந்தக் குடும்பத்துச் செடிகளின் மகரந்தத்தூளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மேலே பள்ளமாகக் கோடுகள் ஓடும். புதினா, துளசிக் கூட்டத்துக்கு ஆறு கோடு, தும்பைக் கூட்டத்துக்கு மூன்று. வாசனை ஏமாற்றும், இலை ஏமாற்றும், இது லேசில் ஏமாற்றாது என்பது அவள் கட்சி.

வம்பு வந்தது ஒரு மலைச்செடியால். துறைத்தலைவர் இளவயதில் பறித்து வந்தது. இருப்பது ஒரே அட்டை. அப்புறம் யார் கண்ணிலும் அந்தச் செடி படவில்லை. புதினா அலமாரியில் கிடந்த அதன் பூவிலிருந்து மூக்கி தூள் எடுத்துப் பார்த்தாள். மூன்று கோட்டுத் தூளும் கிடந்தது, ஆறு கோட்டுத் தூளும் கிடந்தது. ஒன்று சொந்தம் என்றால் இன்னொன்று விருந்தாளி.

"ஆறுதான் சொந்தம்," என்றார் தலைவர். "புதினா வாசனை குப்புனு அடிச்சுது, நானே மோந்து பாத்தேன். உனக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லையே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. அழுகைகூட வந்தது, அதை அவர்களுக்குக் காட்டுவாளா?

"அன்னிக்கு அதை எதோட சேர்த்துக் கட்டி அழுத்தி வெச்சீங்க சார்?"

"காட்டுப் புதினாவோட. அதுக்கென்ன?"

"ஈரக் காகிதத்துல ஒண்ணு மேல ஒண்ணு கிடந்தா வாசனையும் ஒட்டும், தூளும் ஒட்டும். இது தும்பைக் கூட்டம் சார்."

"தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்ங்கிற கதையால்ல இருக்கு!"

அட்டையில் விரியாத மொட்டு ஒன்றே ஒன்று இருந்தது. மூடிய மொட்டுக்குள் வெளித்தூள் போக வழியில்லை. "அதை அறுத்துப் பாத்துடலாம்," என்றாள். கடைசி மொட்டு! தலைவர் முகம் சிவந்துவிட்டது.

"அறுத்துக்கோ. ஆறு கோடு வந்துச்சுன்னா நீ மைக்ராஸ்கோப் பக்கமே வரக்கூடாது. அட்டை ஒட்டற வேலைதான்."

மைக்ராஸ்கோப்பும் போனால் அவளுக்கு அங்கே என்ன மிச்சம்? உரலுக்குள் தலையைக் கொடுத்தாயிற்று, இனி உலக்கைக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது? "சரி சார். நீங்களே பக்கத்துல நில்லுங்க," என்றாள்.

மொட்டை வெந்நீரில் ஊறவைத்தாள். ஊசி முனையால் இதழைப் பிரித்து, மகரந்தப் பையைக் கிள்ளி, கண்ணாடித் தகட்டின் மேல் ஒரு சொட்டுச் சிவப்புச் சாயத்தில் நசுக்கி, மேலே கண்ணாடிச் சில்லை வைத்து மூடினாள். குனிந்து பார்த்தாள். நாற்காலியை விட்டு எழுந்து அவருக்கு இடம் விட்டாள்.

தலைவர் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். தகட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தி, ஆறு கோட்டுத் தூள் ஒன்றாவது அகப்படாதா என்று துழாவினார். இருந்தால்தானே! சற்றுமுன் சிரித்தவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மூணே கால்தான் சார்," என்றாள் மூக்கி. "வேணும்னா இன்னொரு தடவை எண்ணிக்கங்க."

அவர் இன்னும் தகட்டை நகர்த்திக்கொண்டிருந்தார். அவள் அட்டையைக் கையில் எடுத்தாள். எல்லாரும் பார்க்க அதை மூக்கருகே பிடித்து நன்றாக இழுத்து முகர்ந்தாள். வழக்கம்போல ஒன்றும் தெரியவில்லை. நேரே போய்த் தும்பை அலமாரியைத் திறந்து அதை உள்ளே வைத்தாள்.