“அமுக்கும்மா!”

வேப்பந்தட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் மாமனார் கால் முறிந்து படுத்திருந்தார். என்னிடம் அதிகம் பேசாதவர். அன்று அரியலூரில் அவருடைய மகளின் குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். வீடியோ காலில் பார்க்கலாமென்றால் மாடிக்கு வைஃபை எட்டவில்லை.

கரண்ட் ஒயர் வழியே இன்டர்நெட் கடத்தும் அடாப்டர்களில் ஒன்றை அவர் கட்டிலருகிலும் இன்னொன்றைக் கீழே மோடத்தருகிலும் சொருகினேன். இரண்டும் வேறு வேறு கம்பெனி. சேரவே இல்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருந்ததை எடுத்து நேராகச் சுவர் பிளக்கில் மாட்டினேன். இனி இரண்டும் இணைய, இரண்டிலும் உள்ள பட்டனைச் சேர்ந்தாற்போல் அமுக்க வேண்டும்.

“மாமா, அமுக்கட்டுமா?” என்று கீழேயிருந்து கத்தினேன்.

“அமுக்கும்மா! நானும் அமுக்கிட்டேன்... பச்ச லைட்டு எரியுது, ஓடியா!”

ஓடினேன். போனில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

“ஒன்ன மாரியே கத்துறா பாரு!” என்று குலுங்கிச் சிரித்தார்.

என்னை அவருக்குப் பிடிக்காது என்றே நினைத்திருந்தேன். எங்களுக்குப் பேச ஒரு காரணம்தான் கிடைக்காமல் இருந்திருக்கிறது.