நீல விளக்கில் வெளுத்த நோட்டு

அந்தப் பல்பொருள் அங்காடியில் அவளுக்கு 'விளக்கு அக்கா' என்று பெயர். கல்லாவில் உட்கார்ந்த நாளிலிருந்து ஒரு கள்ள நோட்டுகூட அவளைத் தாண்டி உள்ளே போனதில்லை. நோட்டை வாங்கியதும் கட்டைவிரல் தடவும். அச்சின் மேடு தட்டுப்பட வேண்டும். பிறகு வெளிச்சத்தில் பிடிப்பாள். தாளுக்குள் ஒளிந்திருக்கும் முகமும் வெள்ளி இழையும் தெரிய வேண்டும். கடைசியாக நீல விளக்கு. நல்ல நோட்டின் தாள் அதன்கீழ் இருண்டே கிடக்கும். சாதாரணத் தாள் பளீரென்று பல்லிளித்துவிடும். வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறாள் என்று புருஷன் கேலி செய்வார்.

கள்ள நோட்டு வந்தால் மேலாளரைக் கூப்பிட வேண்டும், அவர் போலீசுக்குச் சொல்வார். கடையின் சட்டம் அது. ஒரு சனிக்கிழமை, பக்கத்துத் தெருவில் சலவைக் கடை வைத்திருக்கும் அவள் அக்கா புருஷன், எண்ணெய் டின்னோடு வந்து ஒரு பெரிய நோட்டை நீட்டினார். மேடு இருந்தது. முகம் இருந்தது. இழையும் இருந்தது. விளக்கில் வைத்தால் நோட்டு முழுக்கப் பல்லிளித்தது.

விட்டுவிட்டால் அவள் பெயர் போச்சு. மேலாளரைக் கூப்பிட்டால் அக்கா வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாது.

"மாமா, வேற நோட்டு இருக்கா?" என்றாள் மெதுவாக.

மெதுவாகப் பேசுவது அவர் பழக்கமில்லை. "இதுக்கு என்னம்மா கேடு? உங்க அக்காவைக் கட்டின நாளா உங்க வீட்டுல என்னைச் சந்தேகமாத்தான் பாக்குறீங்க."

வரிசையில் சிரித்தார்கள். மேலாளர் தலையைத் திருப்பினார். மாமா விடவில்லை, எது கள்ளம், காட்டு என்று விளக்கின்கீழ் கையை விட்டு நோட்டைக் குத்தினார். அவருடைய வெள்ளைச் சட்டையின் கைமடிப்பும் கூடவே உள்ளே போய், நோட்டைப் போலவே நீலமாக ஜொலித்தது.

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாமா, இந்த நோட்டைத் துவைச்சீங்களா?"

அவர் குரல் அப்போதுதான் இறங்கியது. "பேன்ட் பாக்கெட்டோட மெஷின்ல போயிடுச்சு. அயர்ன் பண்ணி எடுத்து வெச்சேன். உங்க அக்காகிட்ட சொல்லிடாதே."

துணியை வெள்ளையாகக் காட்டும் சோப்புத்தூள்தான் நோட்டிலும் ஏறியிருக்கிறது என்று அவள் மேலாளருக்கு விளக்கினாள். அவர் தன் கைக்குட்டையை விளக்கில் காட்டினார், அதுவும் ஜொலித்தது. நோட்டைத் தடவி, தூக்கிப் பார்த்து, அவரே கல்லாவில் போட்டார்.

சாயங்காலம் போனில் அக்காவின் பெயர் வந்தது. வரிசையில் நின்ற யாரோ வத்தி வைத்துவிட்டார்கள்.

"என் புருஷனைக் கடையில நிறுத்தி விசாரிச்சியாமே?" என்றாள் அக்கா. அதே மூச்சில் தொடர்ந்தாள்: "ஞாயித்துக்கிழமை சாப்பிட வா. வரும்போது அந்த விளக்கையும் எடுத்துட்டு வாடி. இந்த மனுஷன் இன்னும் என்னென்ன துவைச்சு ஒளிச்சு வெச்சிருக்காருன்னு பீரோவைப் பாக்கணும்."