உள்ளே இருந்த ஒன்று

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காட்டுப்பன்றி விரட்ட இரண்டு காவல்காரர்கள் இருந்தோம். ஒருவன் நான். மற்றவர் என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். சுடுகிற துவக்கு எப்போதும் அவர் கையில்தான் இருக்கும். நான் டார்ச்சும் தகர டப்பாவும் தூக்குகிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன், நாலு பேர் பார்த்தால் பேச்சு வராது.

முதலில் இருந்தது ஒற்றைக்குழல் துவக்கு. விடிந்ததும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும்போது, மச்சான் அதை மடக்கித் தோட்டாவை எடுப்பார். பிறகு மூடி, தரையைப் பார்க்கப் பிடித்து விசையை அழுத்துவார். 'டிக்' என்று கேட்கும். தோட்டத்தை நடத்தும் தொரை தலையாட்டுவார். அதற்குப் பிறகுதான் துவக்கு பங்களாவுக்குள் போகும். பல வருசமாக அப்படித்தான்.

அது பழுதாகிப் போனதும் தொரை புதிதாக ஒன்று எடுத்தார். ஒவ்வொரு வெடிக்கும் விசையை அழுத்த வேண்டும், ஆனால் அடுத்த தோட்டாவை அதுவே ஏற்றிக்கொள்ளும். முதலில் பதுளையில் துவக்கு பழுது பார்க்கும் முஸ்லிம் நானாவிடம் எங்களைக் காட்டி வரச் சொன்னார். மச்சான் மகளுக்குச் செருப்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார். நான் மட்டும் நானாவின் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

அந்த மனுசன் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "முன்னால மரம் ஏன்? குழாய் சுடும், கை வேகக்கூடாது. சுட்ட தோட்டாட கோது வலப்பக்கமா பறக்குது, ஏன்? சுடுற ஆள்ட மூஞ்சில படக்கூடாது. கடைசித் தோட்டா முடிஞ்சா இது தொறந்தே நிக்கும். காலின்னு அதுவே சொல்லுது."

பிறகு தோட்டா அடுக்கும் மகஸினைக் கழற்றினார். "இப்ப காலியா?"

நான் தலையாட்டினேன்.

"இல்ல. ஒண்ண சுட்டதும் அடுத்தது தானா உள்ள போயிருக்கும். பன்றி திரும்பிப் பாஞ்சா மாத்த நேரம் இல்லையே, அதுக்குத்தான் இப்படி வெச்சிருக்கான். மகஸின கழட்டினாலும் அந்த ஒண்ணு உள்ளதான் நிக்கும். பக்கத்துல இருக்குற இந்தப் பிடிய இழுத்தாத்தான் அது வெளிய விழும். இழுத்து, உள்ள பாருங்க. வெளங்கிச்சா?"

விளங்கியது. நன்றாகவே விளங்கியது.

பஸ்ஸில் மச்சான் கேட்டார், "நானா என்னா சொன்னாரு மாப்ள?"

"எண்ணெய் போடச் சொன்னாரு."

"இதச் சொல்லவா இம்புட்டு நேரம்? நீ வாயத் தொறந்திருக்க மாட்ட, அவரு செவுத்தோட பேசியிருப்பாரு." பக்கத்து சீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். துவக்கைப் பற்றி அவருக்கு நான் சொல்வதா என்று கூச்சமாக இருந்தது. லயத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். லயத்திலும் சொல்லவில்லை.

நாலாம் நாள் ராத்திரி மச்சான் பன்றிமேல் ஒரு வெடி வைத்தார், தப்பிவிட்டது. விடிந்து பெரட்டுக்கு வந்தோம். கொழுந்துக் கூடையோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். மச்சான் மகஸினைக் கழற்றி உயர்த்திக் காட்டினார்.

"காலிங்க தொரை."

பிடியை இழுக்கவில்லை. நான் பார்த்தேன். என் கை மேலே போனது. அத்தனை கண்ணும் என் பக்கம் திரும்புவதுபோல் இருந்தது. கையை இறக்கிவிட்டேன். அவர் வழக்கம்போல் தரையைப் பார்க்கப் பிடித்து விசையை அழுத்தினார்.

'டிக்' கேட்கவில்லை.

அவருக்கு வலது காலில் மூன்று விரல்கள் போயின. மேட்டில் ஏறி இறங்கும் வேலை அதோடு முடிந்தது. இப்போது பெரகல சந்தியில் ஒரு கடையில் உட்கார்ந்து வெங்காயம் நிறுக்கிறார். பண்டாரவளைக்குப் போகும்போதெல்லாம் இறங்கிப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் போவேன்.

போன மாதம் அவரே பேச்சை எடுத்தார். "அந்தத் துவக்க செஞ்சவன் சரியான மடையன் மாப்ள. எல்லாத்தையும் கழட்டின பொறகும் ஒண்ண ஏன் உள்ள ஒளிச்சு வெச்சான்?"

"பன்றி திரும்பிப் பாஞ்சா மாத்த நேரம் இருக்காது. அதுக்குத்தான்," என்றேன். "நானா அன்னைக்கே சொன்னாரு."

தராசில் வெங்காயம் அப்படியே கிடந்தது.

"பெரட்டுல நீ கையத் தூக்குனத நான் பாத்தேன்," என்றார் கடைசியில். "நீ தொரைகிட்ட லீவு கேக்கப் போறேன்னு நெனச்சேன்."