கடைசியாகக் கை வைத்தவர்

சகாயமேரி என்ன வேலை பார்க்கிறாள் என்று அவள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "கம்ப்யூட்டருக்குப் பாடம் எடுக்குது" என்று மேனாம்பேட்டில் அக்கம்பக்கத்தாரிடம் அவள் அம்மா சொல்லி வைத்திருந்தார். அது அவ்வளவு தப்பும் இல்லை.

எங்கள் கம்பெனி அம்பத்தூர் மண்ணூர்பேட்டையில் இருக்கிறது. கடைகள், வங்கிகள், ஆஸ்பத்திரிகளின் நெட்வொர்க்கைக் கண்காணிப்பது தொழில். எங்கோ ஒரு கேபிள் அறுந்தால் இங்கே திரை முழுக்கச் சிவப்பாகிவிடும். அதில் எது நோய், எது அந்த நோயால் வந்த காய்ச்சல் என்று பிரிக்க வேண்டும். அதற்காக, அனுபவஸ்தர்களுக்குத் தெரிந்ததையெல்லாம் இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி எழுதி வைப்பார்கள். ரூட்டர் ஒரு கருவி. கருவிக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் கருவி படுத்துவிடும். எது எதன் வகை, எது எதை நம்பி இருக்கிறது என்கிற இந்தக் கட்டுமானத்துக்கு ஆன்டாலஜி என்று பெரிய பெயர். எங்களுக்கு அதைக் கட்டிக் கொடுத்தவள் சகாயமேரி. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன் நான். பிரமாதமாகத்தான் கட்டினாள்.

கேன்டீனில்கூட விடமாட்டாள். "பழுதுன்னா முதல்ல எதைப் பாப்பீங்க?" என்று ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்பாள். எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: "லாஸ்ட்டா யாரு கை வெச்சாங்கன்னு பாரு." எங்கள் தொழிலில் குழந்தைக்கும் தெரிந்த கேள்வி அது. அவளும் எழுதினாள். எழுதிய இடம்தான் தப்பு. மின்தடை, கேபிள் அறுப்பு, கருவிக் கோளாறு ஆகியவற்றோடு 'கடைசியாகக் கை வைத்தவர்' என்பதையும் 'காரணம்' என்ற தலைப்பின் கீழ் வைத்துவிட்டாள். விசாரிக்க வேண்டிய ஆள் குற்றவாளி ஆகிவிட்டான். வேறு எதுவும் பிடிபடவில்லை என்றால் இயந்திரம் ஆள் பெயரைப் போட்டுப் புகாரை முடித்துவிடும்.

மேனேஜர் ஸ்ரீகாந்துக்கு இதில் தலைகால் புரியாத சந்தோஷம். வாடிக்கையாளர் கத்தினால் நீட்ட ஒரு பெயர் கிடைத்துவிட்டதே!

இன்னொன்றும் விட்டுப்போயிருந்தது. ஏசி அறையில் இருந்தவர்கள் சொன்னதையெல்லாம் அவள் எழுதினாள். தண்ணீரைப் பற்றி அவர்களில் ஒருவரும் வாயே திறக்கவில்லை. மழைக்கு மழை வெள்ளம் தேங்கும் அம்பத்தூரில் உட்கார்ந்துகொண்டு தண்ணீரை மறந்தார்கள் என்றால் என்ன சொல்வது!

அவள் தம்பி சத்தியராஜ் எங்கள் கம்பெனியிலேயே கேபிள் ரிப்பேர் வேலையில் இருந்தான். சேர்த்துவிட்டவளும் அவள்தான். கெட்டிக்காரன் என்பதால் நாறிப்போன இடங்களுக்கெல்லாம் அவனைத்தான் அனுப்புவார்கள். திருமுல்லைவாயிலில் ரோட்டோரம் ஒரு இணைப்புப் பெட்டி. மழை பெய்தால் உள்ளே தண்ணீர் ஏறிவிடும். இவன் போய்த் துடைத்து, கேபிளை ஒட்டிவிட்டு வருவான். மறுபடி மழை, மறுபடி பெட்டி படுக்கும். மேடு கட்டி உயரத்தில் வையுங்கள் என்று சொல்லிச் சொல்லி அவன் வாய் வலித்ததுதான் மிச்சம். இயந்திரம் ஒவ்வொரு முறையும் எழுதியது: காரணம், சத்தியராஜ்.

மழைக்காலம் முடியும்போது அதிகப் பழுதுக்குக் காரணமானவன் என்று அவனை வேலையை விட்டு அனுப்ப முடிவு செய்தார்கள். சகாயமேரி ஸ்ரீகாந்திடம் ஓடினாள்.

"நான் சொல்லல மேரி, சிஸ்டம் சொல்லுது. நீங்க கட்டின சிஸ்டம்" என்றார் அவர்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்று அவள் சாப்பிடவே இல்லை. 'கடைசியாகக் கை வைத்தவர்' என்பதைக் காரணத்தின் கீழிருந்து எடுத்தாள். தண்ணீரைச் சேர்த்தாள். எது தரைமட்டத்தில் இருக்கிறது, எங்கே தண்ணீர் தேங்கும் என்பதையும் சேர்த்தாள். அந்த மழைக்காலத்துப் பழுதுகளை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். திருமுல்லைவாயிலுக்குக் காரணம் தண்ணீர் என்று வந்தது. திரையைப் பார்த்து அவள் அழுதுவிட்டாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஸ்ரீகாந்த் நிதானமாகப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"இதுல லாஸ்ட்டா யாரு கை வெச்சது?"

"நான்தான் சார்."

"தம்பி பேரு வந்துச்சு. அக்கா கை வெச்சாங்க. பேரு போயிடுச்சு. இதைத் தூக்கிட்டுப் போய் மேல எப்படிம்மா காட்டுவேன்?"

திருத்தியதில் என்ன தப்பு என்று அவர் பார்க்கவே இல்லை. பழையதையே திரும்பப் போடச் சொல்லிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையை உதைக்கலாம் போல இருந்தது. உதைக்கவில்லை, எனக்கும் அங்கேதான் வேலை.

சத்தியராஜுக்கு வேலை போனது போனதுதான். ஆபீசில் கிடந்த அவன் கருவிப் பையைக் கொடுக்க அன்று சாயங்காலம் அவளோடு நானும் மேனாம்பேட்டுக்குப் போனேன். வாசலிலேயே அவள் உடைந்துபோனாள். "எல்லாம் என்னாலதான்டா. நான் எழுதினதுதான்."

பையை வாங்கிக்கொண்டு அவன் சொன்னான்: "வுடுக்கா. நா இன்னா பொட்டிய ஒடைக்கவா போனேன்? நீயும் சரி பண்ணத்தான கை வெச்ச. சரி பண்ணப் போறவன் பேருதாங்கா அங்க மாட்டுது."

அதற்குப் பிறகு வந்த முதல் மழையில் திருமுல்லைவாயில் பெட்டி மறுபடி படுத்தது. சகாயமேரியின் திரையில்தான் முதலில் வந்தது: காரணம், சத்தியராஜ். அவனுக்குப் பிறகு அந்தப் பெட்டியை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.