அம்மா வராத எல்.டி.சி.

எந்த ஊர் ஹோட்டலாக இருந்தாலும் அறைக்குள் கால் வைத்ததும் நான் முதலில் ஜன்னலைத்தான் திறப்பேன். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தாலும் திறப்பேன். திறக்க முடியாத கண்ணாடி என்றால் வேறு அறை கேட்பேன். எல்லா அறையும் இப்படித்தான் என்று ரிசப்ஷனில் சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். என் பிள்ளைகளுக்கு இதில் மகா எரிச்சல். அம்மாவுக்குக் கிறுக்கு என்று என் காதுபடவே பேசிக்கொள்வார்கள். பேசட்டும். எந்த ரிசார்ட் நன்றாக இருந்தது என்று கேட்கிறவர்களிடம் நீச்சல்குளம், காலைப் பலகாரம் என்று எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். உண்மையைச் சொல்லப்போனால் நெய்வேலியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

எழுபதுகளில் அங்கே வளர்ந்தவர்களுக்கு எல்.டி.சி. என்றால் விளக்க வேண்டாம். பெர்மனன்ட் ஆட்கள் சில வருஷத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு ஊர் சுற்றிவரக் கம்பெனி லீவும் கொடுக்கும், பயணச் செலவும் கொடுக்கும். எங்கள் பிளாக்கில் யாருக்கு அது சாங்ஷன் ஆனாலும் மறுநாளே தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஏற்கெனவே போய்வந்த வீட்டுப் பெண்கள் வந்து யோசனை சொல்லுவார்கள். எல்லோரும் தவறாமல் சொல்லுகிற யோசனை ஒன்று உண்டு. அடுப்பை எடுத்துக்கொண்டு போங்கள், வெளிச்சாப்பாடு பிள்ளைகளுக்கு ஒத்துக்காது. அதனால் டவுன்ஷிப்பிலிருந்து கிளம்பும் எந்தக் குடும்பத்தின் டிரங்குப் பெட்டியைத் திறந்தாலும் துணிமணிக்கு அடியில் ஒரு தகர அடுப்பும், சின்னக் கோணியில் கரிக்கட்டியும் இருக்கும். கரிக்கட்டி என்றால் எங்கள் ஊர்ப் பழுப்பு நிலக்கரியைச் சுட்டு, கைக்கு அடங்குகிற கட்டிகளாக அழுத்தியது. டவுன்ஷிப்பில் முக்கால்வாசி வீடுகளில் அதில்தான் சமையல்.

அப்பாவுக்கு மைன்ஸில் கன்வேயர் பெல்ட் மெக்கானிக் வேலை. முதல் ஷிஃப்ட் என்றால் அம்மா நாலு மணிக்கு எழுந்து அடுப்புப் பற்றவைப்பாள். இரண்டாம் ஷிஃப்ட் என்றால் அவர் சைக்கிள் சத்தம் கேட்கும்வரை விழித்திருந்து சூடாகச் சோறு போடுவாள். நைட் ஷிஃப்ட் முடிந்து அவர் பகலில் தூங்கினால் எங்கள் இரண்டு பேர் வாயையும் பொத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். ஷிஃப்ட் அப்பாவுக்கு மட்டும்தான் என்று கம்பெனி நினைத்துக்கொண்டிருந்தது. மூன்று ஷிஃப்டையும் பார்த்தது அம்மா.

கொடைக்கானலுக்குப் போவதென்று முடிவானபோது எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஏழு. அம்மா பின்பக்க வேலியருகே நின்று பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள். அந்த அக்கா காடாம்புலியூர்க்காரி. வீட்டுக்காரர் கான்ட்ராக்டில் சேர்ந்து பிறகு பெர்மனன்ட் ஆனவர். அம்மா சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது.

"எனக்கு ஏரியும் வேணாம் பூங்காவும் வேணாம். ஒரு நாலு நாளைக்கு, காலையில நான் படுத்திருக்கணும், யாராவது காபி கொண்டுவந்து குடுக்கணும். அவ்வளவுதான்."

"போய்ட்டு வாக்கா. வூட்ட நான் பாத்துக்கினு இருக்கேன்" என்றாள் அந்த அக்கா.

விருத்தாசலத்தில் ரயிலேறி, கொடைரோட்டில் இறங்கி, பஸ்ஸில் தம்பி மூன்று முறை வாந்தி எடுத்து, இருட்டுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். சரிவில் இருந்த ஒரு பழைய லாட்ஜ். இரண்டு இரும்புக் கட்டில், ஈரவாடை அடிக்கும் கம்பளி, கதவுக்குப் பின்னால் ஒரு பலகை. அறையில் சமைக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அப்பா அதைச் சத்தமாகவே படித்தார். அம்மா சிரித்தாள். நல்லதாப் போச்சு, நான் அடுப்பத் தொடறதா இல்ல என்று பெட்டியைக் கயிறு அவிழ்க்காமல் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

மறுநாள் காலை காபி வந்தபோது அவள் குளித்துத் தலைவாரி, நாலு கம்பளியையும் மடித்துவைத்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கே விழிப்பு வந்துவிட்டதாம். படுத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லையாம். அப்பா கேலி செய்தார். நாளைக்குப் பாருங்க, எழுந்திரிக்கவே மாட்டேன் என்று அம்மா சவால் விட்டாள். அவள் அப்படி விளையாட்டாகப் பேசி நான் பார்த்ததில்லை.

கெடுத்தது என் வாய். மத்தியானம் ஹோட்டலில் சாப்பிடப்போனோம். சாம்பார் இனித்தது, சோறு தடியாக இருந்தது. சும்மா சாப்பிட்டுத் தொலைத்திருக்கலாம். நான் முகத்தைச் சுளித்து, இலையைத் தள்ளி, எனக்கு அம்மா ரசந்தான் வேணும் என்று அழ ஆரம்பித்தேன். பெரியவளைப் பார்த்துச் சின்னவனும் அழுதான். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது, ஒரு வேளைக்கு மட்டும் ஏதாவது பண்ணிவிடு என்று அப்பா அம்மாவிடம் கெஞ்சுகிற மாதிரி சொன்னார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அறைக்கு வந்து பெட்டியின் கயிற்றை அவிழ்த்தாள்.

எங்கள் வீட்டில் கரிக்கட்டியைப் பின்பக்கம் திறந்தவெளியில் வைத்துத்தான் பற்றவைப்போம். புகை அடங்கி, கட்டி சிவந்து தணலான பிறகு அடுப்பை உள்ளே தூக்கிவருவோம். புகை போய்விட்டால் ஆபத்தும் போய்விட்டது என்று பிளாக்கில் எல்லோருக்கும் எண்ணம். அங்கே சமையலறையில் பெரிய ஜன்னல், மேலே புகைபோக்கி, எப்போதும் திறந்துகிடக்கும் பின்கதவு, அதனால் அந்த எண்ணம் தப்பு, தணலிலிருந்தும் வாசமில்லாத விஷக்காற்று வரும் என்று யாருக்கும் தெரியவராமலே இருந்தது. லாட்ஜிலும் அம்மா அதே மாதிரி குளியலறைப் பின்கதவுக்கு வெளியே அடுப்பை வைத்துப் பற்றவைத்தாள். மழை பிடித்துக்கொண்டது. புகை அடங்கியதும் அடுப்பை உள்ளே கொண்டுவந்து பின்கதவைச் சாத்திக் கொக்கி போட்டாள். ரசவாசனை மேனேஜர் மூக்குக்குப் போய்விடக் கூடாது என்று ஜன்னல்களை ஒன்று விடாமல் சாத்தியவர் அப்பா. கம்பளி ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து அடைக்கச் சொன்னவரும் அவர்தான். குளிருக்கும் நல்லதாகப் போயிற்று என்றார். நீங்க பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு ஏரியப் பாத்துட்டு வாங்க, வர்றதுக்குள்ள ஆயிரும் என்றாள் அம்மா.

மழையில் ஏரியும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. ஒரு கடையோரம் ஒதுங்கி நின்றுவிட்டுத் திரும்பிவந்தோம். அப்பா கதவைத் தட்டினார். பதில் இல்லை. மறுபடி மெதுவாகத் தட்டினார். அப்புறம் கையை இறக்கிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அசந்து தூங்குறா. தூங்கட்டும் விடுங்க. இங்க வந்தாவது தூங்கட்டும்."

தாழ்வாரப் படியில் உட்கார்ந்தோம். அப்பா அன்று அப்படி ஆசையாகச் சொன்னதற்காக அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் வரவில்லை. அவரும் அவளுக்கு அந்தத் தூக்கத்தைக் கொடுக்க நினைத்துத்தான் உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோமோ தெரியாது. எனக்குத்தான் பசி தாங்கவில்லை. மத்தியானம் இலையைத் தள்ளியவள் அல்லவா. எழுந்துபோய்க் கதவை உதைத்தேன். அம்மா பசிக்குது, அம்மா பசிக்குது என்று ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தினேன். அப்பா என் முதுகில் ஓர் அடி வைத்தார். நான் நிறுத்தவில்லை.

சத்தத்துக்கு மேனேஜர் வந்தார். வயதானவர், தலையில் மப்ளர். கதவருகே வந்ததும் தீய்ந்த வாடை அவர் மூக்குக்குப் பட்டுவிட்டது.

"உள்ள கரி அடுப்பா வச்சிருக்கீங்க?"

 அப்பா தலையாட்டினார்.

"ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கா?"

அதற்கும் தலையை மட்டும் ஆட்டினார். அந்த மனிதர் அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. பின்பக்கம் சுற்றிப்போய்க் குளியலறைக் கதவிடுக்கில் எதையோ விட்டுக் கொக்கியை நெம்பிவிட்டார். அம்மா அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒருக்களித்துக் கிடந்தாள். புடவை முந்தானையைப் பிடிதுணியாகச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். அப்பாவும் அவரும் தூக்கிவந்து மழையில் கிடத்தினார்கள். மழையிலேயே கிடக்கட்டும், காத்துப் படட்டும் என்று அவர் அதட்டினார். என் அம்மா செத்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். தம்பி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் அழவில்லை. ரசம் கேட்டது நான்தான் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

வெகுநேரம் கழித்து அவள் உடம்பு குலுங்க வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"ரசத்த எறக்கினீங்களா?" என்று கேட்டாள்.

டாக்டர் வந்து பார்த்தார், படுக்கவைக்கச் சொன்னார். ஜன்னல்களை எல்லாம் திறந்துபோட்டு அவளைக் கட்டிலில் கிடத்தினோம். மேனேஜர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மறுநாள் காலையில் அவரே காபி கொண்டுவந்து அம்மா தலைமாட்டில் வைத்தார். அவள் படுத்துத்தான் இருந்தாள், எழுந்திரிக்கத் தெம்பில்லை. ஒரு வாய் வைத்தாள். குமட்டி எல்லாம் வெளியே வந்துவிட்டது. அன்று மத்தியானமே ஊருக்குக் கிளம்பிவிட்டோம்.

பிளாக்கில் கேட்டவர்களிடம் குளிர் ஒத்துக்கல என்று சொல்லிவைத்தோம். அப்பா கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால் அம்மா யாரிடமும் மூச்சுவிடவில்லை. அடுத்த சாங்ஷன் வந்தபோது எனக்குப் பதினாலு வயது. கன்னியாகுமரி என்றார் அப்பா. நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்க, எனக்குக் குளிர் ஒத்துக்காது என்றாள் அம்மா. கன்னியாகுமரியில் ஏது குளிர் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அடுப்பும் கரிக்கட்டியும் இல்லாமல் கிளம்பிய முதல் குடும்பம் அனேகமாக நாங்கள்தான்.

ஆறு நாள் தங்குவதாகத் திட்டம். லாட்ஜ் மோசம் என்று சொல்ல மாட்டேன். மொட்டைமாடிக்குப் போனால் கடல் தெரியும். போர்வையில் மணல், குழாயில் உப்புத் தண்ணீர், அவ்வளவுதான். ஹோட்டலில் என்ன போட்டாலும் வாயை மூடிக்கொண்டு வழித்துச் சாப்பிட்டேன். தம்பி ஏதாவது சொல்ல வாயெடுத்தால் கிள்ளிவிடுவேன். அப்பாவுக்குத் துண்டு எந்தப் பையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. சூரிய உதயம் பார்க்க எல்லோரும் கும்பலாக நின்றபோதும் எனக்குள் ஒரே புழுக்கம். நம்மால்தானே அம்மாவுக்கு இது இல்லாமல் போயிற்று, அங்கே தனியாக உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருப்பாளோ என்று. நாலாம் நாள் காலை இட்லிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டேன்.

"அம்மா பாவம்ப்பா. நாம மட்டும் வந்து உக்காந்திருக்கோம்."

அப்பா இட்லியைப் பிய்த்தபடியே இருந்தார். பிறகு, கிளம்பிருவோமா என்று என்னைக் கேட்டார். இன்னும் இரண்டு நாள் பாக்கியிருந்தது. அன்றே கிளம்பிவிட்டோம். அவளுக்காக இவ்வளவாவது செய்தோமே என்று வழியெல்லாம் எனக்கு ஒரு நிம்மதி. அவள் முகம் எப்படி மலரும் என்று தம்பிக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் பத்து மணிவாக்கில் எங்கள் தெருமுனையில் பஸ்ஸைவிட்டு இறங்கினோம். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"அதுக்குள்ளாறயா வந்துட்டீங்க?"

அம்மா தனியாக இருப்பாள் என்று முன்னாடியே வந்துவிட்டோம் என்றேன் பெருமையாக. அந்த அக்கா அப்பாவைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்துச் சொன்னாள்.

"அடுப்பே பத்த வெக்கல அது. படுத்துகினு பொஸ்தகம் படிச்சிகினு கெடந்துது. நான்தான் காபி குடுத்துகினு இருந்தேன். இன்னம் ரெண்டு நாளு இருந்துட்டுத்தான் வர்றது."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. கேட்டைத் திறந்து முதல் ஆளாக உள்ளே ஓடினேன். வீட்டில் எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். ஈரத்தலையை விரித்துத் தலையணைக்கு வெளியே தொங்கவிட்டு, மார்மேல் ஒரு வாரப் பத்திரிகையைக் கவிழ்த்துப்போட்டு, ரேடியோவில் வந்த பாட்டோடு தானும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஸ்டூலில் பக்கத்து வீட்டு டம்ளர், அதில் பாதிக் காபி. அம்மா பாடுவாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் பெட்டியோடு வந்த அப்பாவையும் தம்பியையும் பார்த்தாள். அவள் முகம் மலரவில்லை. விழுந்தது. ஒரு நொடிதான், ஆனால் நான் பார்த்துவிட்டேன். அதற்குள் எழுந்து உட்கார்ந்து கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள். ரேடியோவை அணைத்தாள்.

"வந்துட்டீங்களா? சாப்டீங்களா?"

சாப்பிட்டாச்சும்மா, நீ படு என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்குப் பதினாலு வயது, விவரம் தெரியாத பிள்ளை இல்லை. அவள் முகத்தையும் பார்த்தேன், பாதிக் காபியையும் பார்த்தேன். ஆனால் ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, நல்ல பசி.

"இல்லம்மா, பசிக்குது" என்றேன்.

அவள் மிச்சக் காபியை முற்றத்தில் கொட்டிவிட்டு, பின்பக்கம் போய் அடுப்பில் கரிக்கட்டியை அடுக்கினாள். புகை கிளம்பியது. அது அடங்குகிறவரை இடுப்பில் கைவைத்துக்கொண்டு வெயிலில் நின்றாள். அங்கிருந்தபடியே திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"ரசம் வெச்சிரவா?"

"வைம்மா" என்றேன்.