வெள்ளையாக இருக்க வேண்டிய பாயச சோப்பு

1. இன்னும் கொஞ்சம் ஸ்வீட்

கருங்குழிக்குப் பக்கத்தில் வாசனைத் திரவியம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். முதல் பதினோரு வருடம் அடுத்தவர் எழுதிய ஃபார்முலாவை நிறுத்துக் கலந்துகொண்டிருந்தேன். பன்னிரண்டாம் வருடம்தான், "இதை நீயே பண்ணு விஜயா" என்று எங்கள் சார் முதன்முதலாக ஒரு ஆர்டரைக் கொடுத்தார்.

மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட். அறைகளில் வைக்கும் சோப்புக்கு வாசனை வேண்டும். அதன் மேனேஜர் நேரில் வந்தார்.

"சோப்பைக் கையில எடுத்தா கெஸ்ட்டுக்கு பால் பாயசம் ஞாபகம் வரணும் மேடம். ஆனா பளிச்சுனு வெள்ளையா இருக்கணும். சிற்பக்கூடத்துல சொல்லி கறுப்புக் கல்லுல கிண்ணம் செஞ்சு வெச்சிருக்கோம். அதுல வெள்ளை சோப்பு, கவர் எல்லாம் கிடையாது. போட்டோ பிச்சுக்கும்!"

பலகார வாசனைகளை எங்கள் தொழிலில் கூர்மாண்ட் என்பார்கள். ஏலக்காய் எண்ணெய், பால் வாசனைக்கு ஒரு லாக்டோன், இனிப்புக்கு எத்தில் வெனிலின் என்று சேர்த்து முதல் சாம்பிள் கொடுத்தேன். மோந்தார். "இன்னும் கொஞ்சம் ஸ்வீட்." இரண்டாவது கொடுத்தேன். "இன்னும் கொஞ்சம் ஸ்வீட்." ஏழு சாம்பிள்! ஏழாவது தடவை, வாழைக்காய் பஜ்ஜி தின்ற கையைத் துடைக்காமலே மோந்து பார்க்கும் சீட்டை வாங்கினார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அதற்குத்தான் "ஓகே" என்றார்.

வெனிலின் கூடினால் வெள்ளைச் சோப்பு நாளாக ஆகப் பழுப்பாகும். நேற்றுச் சேர்ந்தவருக்கும் இது தெரியும். அதனால்தான் சோப்பை ஒரு மாதம் சன்னலோரம் வைத்துப் பார்ப்போம். ஸ்டெபிலிட்டி டெஸ்ட் என்று பெயர்.

"சீசன் ஆரம்பிச்சிடும் விஜயா. டெஸ்ட்டெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், கையெழுத்தைப் போடு" என்றார் சார்.

போட்டேன். அவர் சொல்லித்தான் போட்டேன் என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் என் முதல் ஃபார்முலா வெளியே போக வேண்டும் என்ற அவசரம் எனக்கும் இருந்தது.

2. ஒட்டுப் பிரிக்காத பெட்டி

இரண்டு மாதம் கழித்து அடுத்த ஆர்டர் வாங்க சாரும் நானும் மாமல்லபுரம் போனோம். மேனேஜர் அறையில், புதுப்பட்டினத்திலிருந்து வந்து அறைகளைச் சுத்தம் செய்யும் ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள். மேசையில் கறுப்புக் கல் கிண்ணம். அதற்குள் பால் டீ நிறத்தில் ஒரு சோப்பு.

"பாருங்க சார் அநியாயத்தை" என்று மேனேஜர் எங்களிடம் பொருமினார். "புது சோப்பை வூட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டு, யாரோ தேய்ச்ச பழசை ரூம்ல வெக்கிறா. மூணு கெஸ்ட் கம்ப்ளெயிண்ட்!"

"எத்தினி தபா சார் சொல்றது? பெட்டிலயே இப்டிதான் கீது. நீயே வந்து பாருன்னு சொல்லிகினே கீறேன், ஒர்த்தரும் பாக்க மாட்டேன்றீங்க" என்றாள் ஸ்டெல்லா.

"நீ பிரிச்ச பெட்டியை நான் வந்து பாக்கணுமா? நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. சாருக்கும் புரிந்தது. "இது அவங்க உள் விவகாரம். ஆர்டரை வாங்கிட்டுக் கிளம்பலாம்" என்று என் காதோரம் சொன்னார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஸ்டோர் ரூம் பத்தடி தூரம். எழுந்துபோய்ப் பார்க்க மேனேஜருக்கு வலிக்கிறது, வாயைத் திறக்க சாருக்கு வலிக்கிறது.

"ஒட்டுப் பிரிக்காத பெட்டி ஒண்ணு கொண்டுவரச் சொல்லுங்க" என்றேன்.

வந்தது. மேனேஜரே டேப்பைக் கிழித்தார். உள்ளே இருந்த அத்தனையும் பால் டீ நிறம்.

"இது என் ஃபார்முலா சார். வெனிலின் கூடினா இப்படித்தான் ஆகும். டெஸ்ட் பண்ணாம கையெழுத்துப் போட்டது நான்தான்."

மேனேஜர் பெட்டியை மூடி ஓரமாகத் தள்ளினார். பிறகு ஸ்டெல்லாவிடம், "சரி சரி, போய் வேலையைப் பாரு" என்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. எங்களிடம் திரும்பி, "அப்போ இதே ஸ்வீட்டோட வெள்ளையா ஒண்ணு போட்டுத் தர முடியுமா?" என்று கேட்டார். முட்டிக்கொள்ளச் சுவர் தேடினேன்.

3. பை

வெளியே வராந்தாவில் ஸ்டெல்லா அழுக்குப் படுக்கை விரிப்புகளை வாரிக்கொண்டிருந்தாள். மனசு கேட்காமல் போய், "மன்னிச்சிடும்மா" என்றேன்.

"மூணு நாளா கேட்டாண்ட வாச்மேன்கிட்ட பையத் தொறந்து காட்டிட்டுதான் வூட்டுக்குப் போறேன் மேடம். எல்லாரும் பாத்துகினு நிப்பாங்க." விரிப்பைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "இப்டி ஆவும்னு உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

விரிப்புகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றம் தாண்டியும் சார் திட்டி முடிக்கவில்லை. ஆர்டர் கைவிட்டுப் போனது. என் ஃபார்முலா மீது சிவப்புக் கோடு விழுந்தது. மறுபடி ஒன்றை என் பொறுப்பில் கொடுக்க இரண்டு வருடம் ஆயிற்று.

இப்போது கையெழுத்துப் போடும் இடத்தில் நான் இருக்கிறேன். புதிதாக வந்தவர்கள், "கஸ்டமர் அவசரப்படுத்துறார் மேடம், ஒரு மாசமெல்லாம் முடியாது" என்று சாம்பிளும் கையுமாக வந்து நிற்கிறார்கள். சன்னலைக் காட்டுகிறேன். கிழவிக்குப் பிடிவாதம் என்று பின்னால் முணுமுணுப்பதும் காதில் விழுகிறது. முணுமுணுத்துக்கொள்ளுங்கள். நாம் இங்கே ஏசியில் உட்கார்ந்து அவசரப்பட்டுப் போடுகிற கையெழுத்துக்கு, எங்கேயோ ஒரு கேட்டில் இன்னொருத்தி பையைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது.