அட்டை ஏறியும் அசையாத கால்

ஐம்பத்தைந்தாம் வருசம் என்று நினைக்கிறேன். மார்கழி மழைக்காலம். இலங்கை மலைநாட்டில், பதுளையிலிருந்து தெமோதரைக்குப் போகிற ரோட்டில், ஸ்டேசனுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் எங்கள் வீடு. வீட்டை ஒட்டினாற்போல ஒரு தகரக் கொட்டகை. அதில்தான் காரை நிறுத்துவேன். கொட்டகைக்குக் கதவு கிடையாது, ரோட்டைப் பார்த்துத் திறந்தே கிடக்கும். இது நடந்தது அந்தக் கொட்டகைக்குள்தான். அதுவும் ராத்திரியில் இல்லை, நல்ல பகலில், தோட்டங்களில் சம்பளம் போட்டதற்கு மறு ஞாயிற்றுக்கிழமை, ரோடு நிறைய ஆள் போய் வந்துகொண்டிருந்த நேரத்தில்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடம் பழைய கார் ஒன்றை வாங்கி ஹயர் ஓடிக்கொண்டிருந்தேன். நோயாளியைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளையை ஏற்றுவது, ரயிலுக்கு ஆள் கொண்டுபோய் விடுவது, இப்படித்தான் பிழைப்பு.

எனக்குக் கவலைப்படுகிற குணம் பிறவியிலேயே உண்டு. எங்கள் ரோடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், நடுவில் பனி. பின் சீட்டில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வலியில் முனகிக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் பிரேக் பிடிக்காமல் போனால்? இந்த நினைப்பு வந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் காரைத் தூக்கி வைத்துவிட்டு அடியில் புகுந்துவிடுவேன். பிரேக்கைப் பார்ப்பேன், கிரீஸ் பூசுவேன், இறுக்கின நட்டையே இன்னொரு தரம் இறுக்குவேன். "இந்தக் காரு ஓடுனத விட அந்தரத்துல நின்னதுதான் அதிகம்" என்று என் வீட்டுக்காரி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ரோட்டில் போகிறவர்களுக்கு என் முகத்தைவிட என் கால் இரண்டும்தான் பழக்கம். காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற காலைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டுப் போகிற கேலிக்காரர்களும் இருந்தார்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி நான் ஒருநாளும் அடியில் போனதில்லை. ரயில் பாதையில் கழித்துப் போட்ட சிலிப்பர் கட்டையை அறுத்து வைத்திருந்தேன். காரைத் தூக்கினதும் இரண்டு பக்கமும் அந்தக் கட்டையை முட்டுக் கொடுப்பேன். அதுவும் போதாது என்று, கழற்றின சக்கரங்களைப் படுக்கைவசமாகக் காருக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் உள்ளே போவேன். இதற்கும் கேலி பண்ணுவார்கள்.

அன்றைக்கும் எல்லாம் செய்தேன். முந்தின நாள் மடுல்சீமையிலிருந்து இறங்கி வரும்போது பிரேக் ஒரு பக்கமாக இழுத்தது. அந்தக் கவலையில் ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. வீட்டுக்காரி காலையிலேயே பசறைக்கு, அவள் அம்மாவைப் பார்க்கப் போய்விட்டாள். நான் தனி ஆள். பின்பக்கத்தைத் தூக்கி, கட்டை வைத்து, இரண்டு சக்கரத்தையும் கழற்றி அடியில் தள்ளிவிட்டு, சாக்கை விரித்துப் படுத்து உள்ளே நகர்ந்தேன். தலை உள்ளே, கால் ரோட்டுப் பக்கம்.

எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான், மண்ணுக்குப் பயப்படவில்லை. அடித்த மழையில் கொட்டகைக்குப் பின்னால் இருந்த மேட்டிலிருந்து தண்ணீர் கசிந்து, தரைக்கு அடியிலேயே ஊறியிருக்கிறது. மேலே பார்த்தால் காய்ந்த மாதிரி இருந்தது. உள்ளே களி.

கார் விழுந்ததென்று நானும்தான் ஆட்களிடம் சொல்கிறேன். உண்மையில் அது விழவில்லை. ஒரு சத்தமும் இல்லை. களைத்துப்போன ஆள் மெதுவாகக் குந்துகிற மாதிரி இடது பக்கம் இறங்கிக்கொண்டே வந்தது. முதலில் எனக்குத்தான் கண் ஏதோ செய்கிறது என்று நினைத்தேன். புரிந்து வெளியே நகர்வதற்குள் பின் ஆக்ஸில் வந்து நெஞ்சின் மேல் உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, தள்ளி வைத்திருந்த சக்கரத்தில் கார் தட்டி நின்றது. அந்தச் சக்கரத்தின் தடிமன் அளவுக்குத்தான் எனக்கு உலகத்தில் இடம் மிச்சம் இருந்தது.

மூச்சை இழுக்க முடிந்தது. ஆனால் கொஞ்சமாக, குருவி குடிக்கிற மாதிரி. கத்துவதற்கு நெஞ்சு விரிய வேண்டும், அது விரியவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. இடது கை உடம்போடு சேர்ந்து நசுங்கிக் கிடந்தது. வலது கையில் ஸ்பேனர் இருந்தது.

அந்த நேரம் ரோட்டில் ஆள் வருகிற சத்தம் கேட்டது. கடைக்குப் போய்த் திரும்புகிற தோட்டத்து ஆட்கள். எனக்கு உயிர் வந்தது. ஸ்பேனரால் இரும்பில் தட்டினேன். டொக், டொக் என்று நன்றாகவே கேட்டது. அவர்கள் நின்றார்கள்.

"டாக்டரய்யா, நோயாளி பொழைச்சுக்குவாரா?" என்று ஒருவர் கேட்டார்.

நான் இன்னும் பலமாகத் தட்டினேன்.

"பொழைச்சுக்குவாராம். தட்டிச் சொல்றாரு பாரு" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அப்படியே ரோட்டோடு தூரமாகப் போனது.

அதற்குப் பிறகும் ஆட்கள் போனார்கள். நான் தட்டினேன். கார் அடியில் படுத்துக்கொண்டு ஒருவன் இரும்பைத் தட்டினால் வேலை செய்கிறான் என்றுதானே நினைப்பார்கள். தட்டத் தட்டக் கை சோர்ந்து, ஸ்பேனர் நழுவி எங்கேயோ போய்விட்டது. காலை ஆட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். முதலில் ஆட்டிப் பார்த்தேன். ஆட்டும்போது வலது பக்கக் கட்டை கிறீச்சென்று முனகியது. அதுவும் போனால் சக்கரம் தாங்காது. என் பயம் என்னைப் பிடித்துக் கட்டிப் போட்டுவிட்டது. விரலைக்கூட அசைக்காமல் கிடந்தேன்.

கொஞ்ச நேரம் ரோடு வெறுமையாக இருந்தது. அப்புறம் செருப்புச் சத்தம். ஸ்டேசனில் வேலை பார்க்கிற யாழ்ப்பாணத்துக் கிளாக்கரும் அவருடைய மனைவியும். என்மேல் பிரியமான மனுசர். முந்தின வாரம்தான் அவருடைய தகப்பனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வந்தேன். கொட்டகை வாசலில் வந்து நின்று, "என்ன தம்பி, இண்டைக்கும் அடியிலதானோ?" என்று கேட்டார்.

என் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. சத்தம் வரவில்லை. அந்த அம்மா ஏதோ கேட்டார். தண்ணீர் குடிக்கக் கேட்டார் போல.

"ஆள் நித்திரை கொள்ளுது போல. பாவம், இரவிலயும் ஹயர் ஓடுற பெடியன். குழப்பாதையும், வாரும் போவம்" என்று அவர் தணிந்த குரலில் சொன்னார். என் தூக்கம் கலையாமல் இருக்க இரண்டு பேரும் காலை மெதுவாக எடுத்து வைத்துப் போனார்கள். அந்த மெதுவான செருப்புச் சத்தம் இருக்கிறதே, அன்றைக்கு என் நெஞ்சின் மேல் இருந்த இரும்பைவிட அதுதான் கனமாக இருந்தது.

இனி அவ்வளவுதான் என்று தோன்றியது. வீட்டுக்காரி சாயந்தர பஸ்ஸில் வந்து காலைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி போட உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். அதை நினைத்ததும் மறுபடியும் அழுகை வந்தது. அழவும் மூச்சு வேண்டுமே. மெல்லிசாகத் தூறல் போட்டது. வலது கணுக்காலில் குளிர்ச்சியாக ஒன்று ஊர்ந்தது. அட்டை. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் புல்லைத் தொட்டால் அட்டைதான். அது கடிக்க இடம் தேடி ஊர்கிறது எனக்குத் தெரிந்தது. நான் அசையவில்லை.

பிறகு நடந்ததில் பாதி நான் கேட்டது, மீதி பிறகு மற்றவர்கள் சொன்னது. பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற பெண்கள் கொஞ்சப் பேர், சாமான் பையோடு தூறலில் வந்திருக்கிறார்கள். அதில் ஒரு நடுத்தர வயது அக்கா கொட்டகைக்கு நேரே நின்றுவிட்டார்.

"ஏங்க, கால்ல அட்டை ஏறிக் குடிக்குதுங்க. தட்டி விடுங்க" என்றார்.

நான் என்ன தட்டுவது? இன்னொரு தரமும் சொன்னார். கூட வந்தவர்களுக்குப் பொறுமை இல்லை. அவர் ரத்தத்தை அவர் அட்டை குடிக்குது, உனக்கு என்ன, மழை வலுக்குது வா என்று ஒருத்தி இழுத்தாள்.

"இருடி. ரத்தம் ஒழுகுது, அட்டை நெல்லிக்கா மாதிரி ஊதிக் கெடக்கு. தூங்குறவன்கூடக் காலை ஒதறுவான்."

சொல்லிவிட்டு உள்ளே வந்தார். அட்டையைப் பிய்த்துப் போட்டவர், கையை எடுக்காமல் என் பாதத்தை அப்படியே பிடித்துப் பார்த்தார். அந்தக் கை சூடாக இருந்தது. பிறகு தரையில் முழங்கால் போட்டு, தலையைச் சாய்த்து, அடியில் பார்த்தார். இருட்டில் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. என் கண் அசைவது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"உசிரு இருக்கு. எல்லாரும் வாங்க" என்றார். கூப்பாடு போடவில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பேர் சொல்கிற மாதிரி உறுதியாகச் சொன்னார்.

பைகளைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. கருவாட்டு வாசம் வந்தது. ஜாக்கியை வைக்கலாம் என்று யாரோ சொன்னதற்கு, மண்ணு எளகியிருக்கு, அதுவும் போகும், கையாலேயே தூக்குவோம், நடுவில் மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது என்று அந்த அக்கா சொன்னார். ரோட்டில் போன ஆண்களும் ஓடி வந்தார்கள். முதலில் பார்த்துச் சிரித்தவர்களில் ஒருவரும் அதில் இருந்தாராம். ஒரே மூச்சில் தூக்கினார்கள். நெஞ்சைவிட்டு இரும்பு எழும்பியது. யாரோ என் இரண்டு காலையும் பிடித்து இழுத்தார்கள். வெளியே வந்து, தூறலில் வாயைத் திறந்து, முதல் முழு மூச்சை இழுத்தேன். விலா உடைந்த இடத்தில் கத்தி இறங்கின மாதிரி வலித்தது. அந்த மூச்சைப்போல ஒன்றை இன்னும் நான் இழுக்கவில்லை.

தேயிலை லொறி ஒன்றில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டேசன் கிளாக்கர் அடுத்த நாளே வந்தார். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "நித்திரை எண்டு நினைச்சன் தம்பி" என்று மட்டும் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் செய்தது பிழையென்று எப்படிச் சொல்வேன்? அன்புதானே அது.

நடமாட முடிந்ததும் வீட்டுக்காரியோடு தோட்டத்து லயத்தில் இருந்த அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். ஒரு சேலையும் பழமும் வெற்றிலையும் கொண்டுபோனோம். ஒற்றை அறைக் காம்பராவுக்குள் உட்கார இடம் பண்ணி, தேத்தண்ணி கொடுத்தார். சேலையைப் பார்த்துவிட்டு, "இதை நீங்க அந்த அட்டைக்குல்ல கட்டி விடணும்" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

அத்தனை பேர் பார்த்துவிட்டுப் போன காலில் உங்களுக்கு மட்டும் எப்படிச் சந்தேகம் வந்தது என்று என் வீட்டுக்காரி கேட்டாள். அக்கா அடுப்பில் விறகைத் தள்ளி விட்டார். பிறகு புருசனைப் பற்றிச் சொன்னார். அவருக்கு மலையில் கான் என்கிற வடிகால் வெட்டுகிற வேலை. பகல் சோறு தின்றதும் வாய்க்கால் கரையில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு கொஞ்சம் படுப்பது அவருடைய வழக்கமாம். அந்த மலையில் எல்லாருக்கும் அது தெரியுமாம். ஒருநாள் கூடையோடு கொழுந்து நிறுக்கப் போகும்போது இந்த அக்கா அவரைத் தாண்டிப் போயிருக்கிறார். நிறுத்துவிட்டு வரும்போதும் அதே கிடை. கூட வந்தவள், நேரமாச்சு, எழுப்பிவிடவா என்று கேட்டிருக்கிறாள்.

"களைச்ச மனுசன், தூங்கட்டும்னு நான்தாங்க சொன்னேன்" என்றார் அக்கா.

அந்த மனுசன் அப்புறம் எழும்பவே இல்லையாம். அப்போதே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரோ இல்லையோ, அதைச் சொல்ல இப்போது யாரும் இல்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மனுசன் செத்த துக்கத்தில்தான் நான் உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று அன்றைக்கு நினைத்தது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

ஆறேழு வருசமாகிவிட்டது. கொட்டகைக்குச் சிமெந்துத் தரை போட்டேன். காரை இப்போதும் நான்தான் தூக்குகிறேன், என் கவலையும் குறையவில்லை. ஆனால் ரோட்டோரத்தில், தேயிலைக்கு ஓரத்தில், கடை வாங்குப் பலகையில் எங்கேயாவது ஒருவர் அசையாமல் படுத்திருந்தால் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை. காரை நிறுத்தி, இறங்கிப் போய், தொட்டு எழுப்பிவிடுகிறேன். பின் சீட்டில் இருக்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும், எழும்பினவர் என் அப்பன் ஆத்தாளை இழுத்துத் திட்டுவார். அந்தத் திட்டு காதில் விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது. எழுப்புவதற்காக ஒருவர்மேல் கையை வைத்து, அவர் திட்டுகிறாரா என்று காத்துக்கொண்டு நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும், ஒவ்வொரு தரமும், எனக்கு இன்னும் முடியாத ஒரு ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்கிறது.